ஜாக்கி அக்கா கட்டிய வெள்ளைப் பெட்டி

ராணுவ ஒர்க்ஷாப்பில் அவளை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரிய லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆண்கள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இத்தனை பெரிய வண்டிய ஒரு பொம்பள எப்படித் தூக்குவா?" என்று ஒருவன் கேட்டான். "நீங்க மட்டும் என்ன, தோள்லயா தூக்குறீங்க? ஜாக்கிதானே தூக்குது" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைத் தொடங்கினாள். அன்று மாலையே அவளுக்கு ஜாக்கி என்று பெயர் விழுந்தது. சில வருடங்களில் மரியாதையும் சேர்ந்து ஜாக்கி அக்கா ஆனாள்.

ஆள் ஒல்லி. குரல் மட்டும் பெரிது. காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும், ஸ்பானரை எடுத்த இடத்தில் வைக்காதவனை அவள் திட்டுவது கொட்டகையின் மறுகோடி வரை தெளிவாகக் கேட்கும். வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் இரண்டு பூட்ஸும் ஒரு பாட்டும்தான் வெளியே தெரியும். பாட்டு நின்றால் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம். மறுபடி தொடங்கினால், வண்டியை எடுத்துப் போக டிரைவர் தயாராகிவிடலாம்.

எங்கள் நாடு பெரிய நாடு அல்ல. ஆனால் ஐ.நா.வின் அமைதிப்படைக்கு ஆள் அனுப்புவதில் அது என்றும் பின்வாங்கியதில்லை. உலகத்தில் எங்காவது இரண்டு தரப்பு சண்டையிட்டுக் களைத்து, போதும் நிறுத்துவோம் என்று ஒப்புக்கொண்டால், நடுவில் நிற்க யாராவது வேண்டும். உணவு ஏற்றிய லாரிகளுக்குக் காவலாகப் போக வேண்டும். உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் போட வேண்டும். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள் உயிரோடு வீடு திரும்பும்வரை பாதையில் நிற்க வேண்டும். கையில் துப்பாக்கி இருந்தும் சுடாமல் இருப்பதுதான் இந்த வேலையின் சிரமம். எங்கள் ஆட்கள் இதைப் பல வருடங்களாகச் செய்கிறார்கள். தலைமையகத்தின் வரவேற்பறையில் ஒரு பெரிய உலகப் படம் மாட்டி, நம்மவர்கள் போன இடத்திலெல்லாம் குட்டி விளக்கு எரியவிட்டிருக்கிறார்கள். அமைச்சர்கள் வந்தால் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த விளக்குகளில் ஒன்றுகூட ஒரு பெண் போன இடத்துக்காக எரியவில்லை என்பதை அந்தப் படம் சொல்லாது. ஜனத்தில் பாதியை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் மீதிப் பாதிக்கு 'நாடு' என்று பெயர் வைத்துக்கொள்வது பெரிய அலுவலகங்களுக்குக் கைவந்த கலை.

ஜாக்கி அக்காவுக்கு அங்கே போக வேண்டும் என்ற எண்ணம் மீசையால் வந்தது. மீசை என்பவர் லாரி டிரைவர். காரணப் பெயர்தான். ஒரு வருடம் அமைதிப்படையில் இருந்துவிட்டுத் திரும்பியவர், டீ குடிக்கும் நேரமெல்லாம் அந்த ஊர்க் கதைதான் சொல்வார். சேற்றில் புதைந்த லாரிகள், ஆற்றைக் கடந்த லாரிகள், இவர் இல்லாவிட்டால் கவிழ்ந்தே போயிருக்கும் லாரிகள்.

ஒருநாள் சொன்னார்: "கேம்ப் வேலிக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க வந்து நிப்பாங்க. ஏதோ சொல்ல வர்ற மாதிரியே இருக்கும். நாங்க கிட்டப் போனா, ஒண்ணும் சொல்லாம போயிடுவாங்க."

"ஏன்?" என்று ஜாக்கி அக்கா கேட்டாள்.

"அதான் யாருக்கும் தெரியல."

"உங்க மீசையப் பாத்திருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க வண்டிக்கு அடியிலிருந்து பாட்டுச் சத்தம் வரவில்லை. துப்பாக்கி பிடித்த ஆண்களால் சீரழிந்த ஒருத்தி, வேறொரு துப்பாக்கி பிடித்த ஆணிடம் போய் எந்த வாயால் சொல்வாள்? இது புரிய மேல்படிப்பு ஒன்றும் தேவையில்லை. வீடு போய்ச் சேரும்போது அவள் முடிவு செய்திருந்தாள். அடுத்த படைப்பிரிவு புறப்படும்போது மெக்கானிக்காகத் தானும் போவது என்று.

அவ்வளவு எளிதாகப் போக விடுவார்களா?

முதல் தடவை கேட்டபோது குறுக்கே வந்தவர்கள் டிரைவர்கள். நீண்ட பயணத்துக்கு முன்னால் ஒரு பெண் என்ஜினில் கை வைத்தால் வண்டி ஊர் போய்ச் சேராது என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. எவன் ஆரம்பித்தானோ தெரியாது, எல்லோரும் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒர்க்ஷாப்பின் தலைவரான மேஜர் அதைத் தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னார். அவள் ஒன்றும் வாதாடவில்லை. மறுநாள் காலை ஒவ்வொரு லாரியாகப் போய், "இது நான் கை வச்சது, எடுக்காதீங்க. இதுவும் நான்தான். இதுக்கு கிளட்ச் மாத்தினது நான்" என்று சொல்லிக்கொண்டே சாவிகளைப் பிடுங்கினாள். கடைசியில் டிரைவர்கள் கையில் மிஞ்சியது ஒரே ஒரு சைக்கிள். அதற்கும் செயின் இல்லை. அன்றோடு அந்த நம்பிக்கை ஒழிந்தது. ஆனால் அவள் பெயரை மட்டும் சேர்க்கவில்லை.

இரண்டாவது தடவை மேஜர், "உனக்குக் குடும்பம் இருக்கும்மா" என்று அக்கறையோடு சொன்னார்.

"மீசைக்கு இல்லையா சார்? மூணு பிள்ளைங்க. அவரு என்ன வானத்துல இருந்தா குதிச்சாரு?"

"அது வேற."

"எப்படி வேறன்னு சொல்லுங்க சார், கேட்டுக்கிறேன்."

மேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. யாருடைய மனதும் நோகக் கூடாது என்று நினைப்பவர். அப்படி நினைப்பவர்கள் பலம் உள்ளவனின் மனதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "மேல கேக்கணும்மா" என்று முடித்தார்.

"மேலன்னா எவ்வளவு மேல சார்? ஏணி எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அவளுடைய குடும்பத்தைப் பற்றி மேஜருக்கு இருந்த கவலை குடும்பத்துக்கு இல்லை. கணவர் தையல்காரர். தெருவைப் பார்த்த முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். பின்னால் சமையலறை. மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே அவர் போய் வந்துகொண்டே இருப்பார். சமையல் அவர் பொறுப்பு. இவள் சமைத்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. மாமியாருக்கு மருமகளைப் பற்றி ஒரே ஒரு குறைதான், கிரீஸ் கையோடு ஃபிரிட்ஜைத் திறக்கிறாள் என்று.

அக்கம்பக்கத்தில் ஒருவர் தையல்காரரைச் சீண்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், பொண்டாட்டிய சண்டைக்கு அனுப்பிட்டு நீங்க வீட்டுல உக்காந்து பட்டன் தைக்கப் போறீங்களாமே?"

"சண்டைக்கு இல்லைங்க, சண்டைய நிறுத்த" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோர்த்தபடியே. "உங்க பேன்ட் இன்னும் ரெடியாகல. நாளைக்கு வாங்க." அந்த நாளை பல நாள் வரவில்லை.

மூன்றாவது தடவை படைப்பிரிவு புறப்படப் போகிறது என்ற செய்தி வந்ததும் அவள் மேஜரின் அறைக்கே போய்விட்டாள். இந்தத் தடவை அவள் மட்டும் இல்லை. மருத்துவப் பிரிவின் நர்ஸும், வயர்லெஸ் பிரிவில் இருந்த சின்னப் பெண்ணும் கூட வந்திருந்தார்கள். அவர்களும் தகுதி இருந்தும் ஒதுக்கப்பட்டவர்கள்தான். மேஜர் இந்தத் தடவை மேலே கேட்டு, பதிலையும் வாங்கி வைத்திருந்தார்.

"முகாம்ல லேடீஸுக்குத் தனியா கழிப்பறை, குளியலறை இல்லையாம். அதனால அனுப்ப முடியாதுன்னு சொல்றாங்க."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த ஊர்ல பொம்பளைங்களே இல்லையா சார்?" என்றாள் ஜாக்கி அக்கா. "அவங்கல்லாம் எங்க போறாங்க?"

மேஜர் மேஜை மேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"இதுதான் காரணமா சார்? வேற ஒண்ணும் இல்லையே?"

"இதுதான்."

"இது சரியாயிட்டா?"

"அப்புறம் பாக்கலாம்மா."

"கொட்டகைக்குப் பின்னாடி பழைய டயர் போட்டு வச்சிருக்கோமே, ஒரு கன்டெய்னர். அத எனக்குக் குடுங்க."

மேஜர் தலையாட்டினார். வேலை நேரம் முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளில் சலித்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

அவள் கன்டெய்னரைக் காலி செய்தபோது அதிலிருந்து வந்த ரப்பர் நாற்றத்தில் நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கழுவினார்கள், காய வைத்தார்கள், மறுபடி கழுவினார்கள். உள்ளே இரும்புத் தகடு வைத்து இரண்டு கழிப்பறை, இரண்டு குளியலறை, நடுவில் கை கழுவும் தொட்டி. கூரை மேல் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் சின்ன மோட்டார், காற்றை வெளியே தள்ள மின்விசிறி. வயர்லெஸ் பெண் வயரிங்கைப் பார்த்துக்கொண்டாள். ஒர்க்ஷாப் ஆண்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். "அக்கா, அரண்மனை எப்ப திறப்பு விழா?" என்றார்கள். பிறகு அவர்களில் இரண்டு மூன்று பேர், யாரும் கூப்பிடாமலே வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். நல்ல வேலை ஒன்று நடக்கும்போது சும்மா நிற்க முடியாதவர்கள் எல்லா ஒர்க்ஷாப்பிலும் இருக்கிறார்கள்.

குடும்பத்தார் வந்து பார்க்க அனுமதி உள்ள நாளில் தையல்காரரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். தையல்காரர் உள்ளே போய் நின்று, நாலு சுவரையும் பார்த்தார்.

"எல்லாம் சரி. குளிக்கும்போது யூனிஃபார்ம எங்க மாட்டுவீங்க?"

ஜாக்கி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கொக்கி ஒன்றுகூட வைக்கவில்லை.

"தரையில போட்டா நனையும். துணியப் பத்தி யோசிக்காம குளியலறை கட்டக் கூடாது" என்று சொல்லி, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, மனைவியின் தோள் உயரம், நர்ஸின் தோள் உயரம், வயர்லெஸ் பெண்ணின் தோள் உயரம் எல்லாம் பார்த்து, கொக்கி வரவேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

மாமியார் அதற்குள் ஒரு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"உக்காந்து பாக்குறேன்."

"தண்ணி இன்னும் விடல அத்தை."

"தண்ணி எனக்கெதுக்கு? உக்காந்தா முட்டி கதவுல இடிக்குது. பூட்ஸ் போட்டுட்டு வர்றவ எப்படி உக்காருவா? சுவத்தத் தள்ளி வை."

சுவரைத் தள்ளி வைத்தாள். வெல்டிங் செய்ததை அறுத்து மறுபடி வெல்டிங் செய்தவர்கள் மாமியாரைப் பற்றி மனதுக்குள் என்ன சொன்னார்களோ, வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெட்டி தயாரானது. மேஜர் வந்தார். குழாயைத் திறந்தார், மூடினார். விளக்கைப் போட்டார், அணைத்தார். உண்மையாகவே மகிழ்ந்து போனார். "பிரமாதம்மா. இதையும் ஏத்திடலாம்" என்றார்.

"அப்ப நாங்க மூணு பேரும்?"

"ஆளுங்க பேரெல்லாம் ஏற்கெனவே போயாச்சு. அடுத்த தடவை கண்டிப்பா."

"பின்ன பெட்டி எதுக்கு சார் போகுது?"

மேஜர் கொஞ்சம் தயங்கினார். "ஆபீசருங்களுக்கு உதவும்னு மேல சொன்னாங்க."

அவள் கட்டிய பெட்டிக்குக் கப்பலில் இடம் இருந்தது. கட்டியவளுக்கு இல்லை. பெண்கள் போவதற்குக் கழிப்பறை இல்லை என்றவர்கள், பெண்கள் கட்டிய கழிப்பறையை எடுத்துக்கொண்டு பெண்களை விட்டுவிட்டுப் போகிறார்கள். அநியாயம் செய்கிறவனுக்கும் ஒரு கூச்சம் வேண்டும். அந்தக் கூச்சமும் இவர்களிடம் மேலிடத்துக்குப் போய்க் கேட்டுத்தான் வர வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த நாள் ஐ.நா.வின் ஆய்வு. அமைதிப்படைக்கு ஆளை மட்டும் அனுப்பினால் போதாது. லாரி, ஜெனரேட்டர், அடுப்பு, கூடாரம் என்று வேண்டியதை எல்லாம் நாடே கொண்டுபோக வேண்டும். புறப்படும் முன் ஐ.நா. ஆட்கள் வந்து ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடாதது போகாது. ஓட வைக்கத் தெரிந்த ஆள் கூடவே போகாவிட்டாலும் அது போகாது. அதோடு எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சை வண்டி சண்டைக்கு வந்தது, வெள்ளை வண்டி சமாதானத்துக்கு வந்தது என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக.

ஒர்க்ஷாப் முழுக்க பெயின்ட் மணம். "கண்ணுல படுறது எல்லாம் வெள்ளையாகணும்" என்று மேஜர் உத்தரவு போட்டிருந்தார். வீரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். லாரியை அடித்தார்கள், லாரிக்குப் பக்கத்தில் இருந்த வாளியை அடித்தார்கள், வாளிக்குள் இருந்த சுத்தியலை அடித்தார்கள். தீயணைக்கும் சிலிண்டர்கள்கூட வெள்ளையாகிவிட்டன. தொங்கவிட்டிருந்த தன்னுடைய சட்டையைத் தேடிக்கொண்டிருந்த மீசைக்கு, ஒரு பாதி வெள்ளைச் சட்டை கிடைத்தது.

ஜாக்கி அக்கா தன் பெட்டிக்குத் தானே அடித்தாள். கோபத்தில் அடித்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கை கனக்கும். வெளிச்சுவர், உள்சுவர், கதவு, கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் என்று எதையும் விடவில்லை. ஒரு பூச்சு போதும் என்ற இடத்தில் மூன்று பூச்சு. கொட்டகையில் யாரும் அவள் பக்கம் போகவில்லை. பாட்டும் இல்லை, திட்டும் இல்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

காலையில் ஆய்வுக் குழு வந்தது. தலைமை ஆய்வாளர் வேற்று நாட்டுப் பெண்மணி. நரைத்த குட்டை முடி, தேய்ந்த ஷூ, சிரிக்காத முகம். தீயணைக்கும் சிலிண்டரைக் கேட்டபோது அதைக் கண்டுபிடிக்க முடியாமல் நாலு பேர் வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடினார்கள். அதைச் சிவப்பாக்கச் சொன்னார். ஜெனரேட்டர்களை ஓடவிட்டார். லாரிகளை ஏற்றத்தில் ஏற்றி நிறுத்தச் சொன்னார். கடைசியில் ஓரமாக நின்ற வெள்ளைப் பெட்டியிடம் வந்தார்.

"இது என்ன?"

மேஜர் சொன்னார். பெண்மணி உள்ளே போய், ஒரு கழிப்பறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் வெளியே கேட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாளை ஆட்டும் சத்தம். பிறகு இன்னும் வேகமாக ஆட்டும் சத்தம்.

ஜாக்கி அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாழ்ப்பாளுக்கு மூன்று பூச்சு. சரியாகக் காயவில்லை. பெயின்ட் அடித்த பிறகு யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் போய் உட்கார்ந்துகொள்ளும், திரும்பி வராது.

"கதவு திறக்கவில்லை" என்று உள்ளிருந்து ஆங்கிலத்தில் குரல் வந்தது.

மேஜரின் முகம் பெட்டியின் நிறத்துக்கு வந்தது. மீசை பக்கத்தில் இருந்தவன் காதில், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது, என்ன சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. ஒருவன் கடப்பாரையோடு ஓடி வந்தான். அதுவும் வெள்ளை. ஈரம் காயாத கடப்பாரை அவன் கையோடு ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் தள்ளிப் போங்க" என்று ஜாக்கி அக்கா உள்ளே ஏறினாள். கதவில் வாயை வைத்துப் பேசினாள். அவளுடைய ஆங்கிலமும் உள்ளே இருந்தவரின் ஆங்கிலமும் வேறு வேறு ஊரில் கற்றவை. ஆனாலும் புரிந்தது.

"மேடம், தப்பு என்னோடது. தாழ்ப்பாளுக்கும் பெயின்ட் அடிச்சிட்டேன். பயப்படாதீங்க. வலது பக்கம் சோப்பு இருக்கு பாருங்க."

"இருக்கிறது."

"தண்ணி தொட்டு, தாழ்ப்பாள் ஓரத்துல நல்லாத் தேய்ங்க. இழுக்காதீங்க. மேலயும் கீழயும் ஆட்டுங்க, கொஞ்சம் கொஞ்சமா வரும்."

உள்ளே தேய்க்கும் சத்தம். வெளியே ஒர்க்ஷாப் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இந்தக் கொக்கி நல்ல உயரத்தில் இருக்கிறது" என்றது உள்ளிருந்த குரல், தேய்த்துக்கொண்டே.

"என் வீட்டுக்காரர் அளவு எடுத்தது மேடம்."

"காலுக்கு இவ்வளவு இடம் எப்படி விட்டீர்கள்?"

"மாமியார் மேடம்."

தாழ்ப்பாள் ஒரு முனகலோடு விலகியது. பெண்மணி வெளியே வந்தார். ஒரு கை முழுக்க சோப்பு நுரை, மறு கை முழுக்க வெள்ளைப் பெயின்ட். மேஜர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் அந்தச் சிரிக்காத முகம் உடைந்தது. அந்த அம்மாள் கன்டெய்னர் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். முதலில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பிறகு நர்ஸ் சிரித்தாள். பிறகு கடப்பாரை ஒட்டிக்கொண்டவன். பிறகு எல்லோரும்.

"எத்தனையோ முகாம்களுக்குப் போயிருக்கிறேன்" என்றார் பெண்மணி, மூச்சு வாங்கியபடி. "உள்ளே தாழ்ப்பாள் இருக்காது. அல்லது கதவே இருக்காது. ஒரு தோழியை வெளியே காவல் நிறுத்திவிட்டுத்தான் போவேன். யாரும் திறக்க முடியாத கதவை இன்றுதான் பார்க்கிறேன். இது போகலாம். யார் இதைப் பராமரிக்கப் போவது?"

மேஜர் மீசையைப் பார்த்தார். மீசை வானத்தைப் பார்த்தார்.

"நான்தான் கட்டினேன், எனக்குத்தான் தெரியும்" என்றாள் ஜாக்கி அக்கா. "ஆனா நான் போகல. என் பேரைச் சேர்க்கல."

"ஏன்?" பெண்மணி மேஜரைப் பார்த்துக் கேட்டார்.

மேஜருக்குப் பழக்கத்தில் பதில் தானாக வந்தது. "முகாமில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி..." என்று தொடங்கினார். எதிரில் அந்தக் கழிப்பறை வெள்ளை வெளேரென்று நின்றுகொண்டிருந்தது. அதன் படியில் கேள்வி கேட்டவர் உட்கார்ந்திருந்தார். மேஜரின் வாக்கியம் பாதியில் நின்றது.

யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. அவருடைய நாற்பது ஆட்கள் அங்கே நின்றார்கள். அவர்களில் சிலர் அந்தப் பெட்டிக்குத் தகடு அறுத்தவர்கள்.

அவரைப் பாராட்ட வேண்டும். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும், ஃபோனை எடுத்து மேலிடத்தைக் கூப்பிட்டார்.

"சார், வணக்கம் சார். பெட்டியப் பாத்துட்டாங்க சார், ஏத்துக்கிட்டாங்க. ஆனா பராமரிக்க ஆள் கூட வரணுமாம். ஆமா சார். இல்ல சார், வேற யாருக்கும் தெரியாது. ... பெண்தான் சார். ... கழிப்பறை இருக்கே சார், அதுதானே பெட்டி. ... நானே பாத்தேன் சார். தாழ்ப்பாளா? நல்லாப் பிடிக்குது சார், ரொம்ப நல்லாப் பிடிக்குது." சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாகக் குரலை உயர்த்தினார். "ஒருத்தரை மட்டும் தனியா அனுப்புறது சரியில்ல சார். இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, நர்ஸ் ஒருத்தர், வயர்லெஸ் ஒருத்தர். தயாரா இருக்காங்க. வேணாம்னா காரணத்த நீங்களே ஆய்வாளர் கிட்ட சொல்லிடுங்க சார், இதோ பக்கத்துலதான் இருக்காங்க, குடுக்கட்டுமா?"

ஃபோனை வைத்துவிட்டு மேஜர் நெற்றியைத் துடைத்தார். "மூணு பேரும் சாமான் கட்டுங்க" என்றார்.

வயர்லெஸ் பெண் நர்ஸைக் கட்டிப் பிடித்தாள். இருவர் மேலும் பெயின்ட். ஜாக்கி அக்கா அந்த இடத்தை விட்டு நகர்ந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒரு லாரிக்கு அடியிலிருந்து பாட்டுக் கேட்டது. அந்த லாரியில் எந்தக் கோளாறும் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது தையல்காரர் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கு. ஒரு வருஷம்னா சும்மாவா? ஆனா நீ போகாம இங்க முணுமுணுத்துட்டு இருந்திருந்தா அது இன்னும் பெரிய கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவளுடைய யூனிஃபார்மை வாங்கி, தளர்ந்திருந்த பட்டன்களை எல்லாம் பிரித்து மறுபடி தைத்தார்.

"ஃபிரிட்ஜ் ஒரு வருஷம் சுத்தமா இருக்கும்" என்றார் மாமியார். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

போன இடம் வெயிலும் புழுதியும், மழை வந்தால் சேறும். சேற்றில் புதைந்த லாரிகளைப் பற்றி மீசை சொன்னது பொய்யில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். உணவு லாரிகள் வழியில் நின்றுவிட்டால், காத்திருக்கும் ஊரில் அன்று அடுப்பு எரியாது. அதனால் அவள் பெரும்பாலும் லாரிகளோடுதான் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் வந்து நின்றபோது நர்ஸ் துப்பாக்கி இல்லாமல் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம், இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டு பேசினார்கள். எந்தப் பாதையில், எந்த வளைவில், யார் தங்களை மறிக்கிறார்கள் என்று. மறுநாள் முதல் அந்த வளைவில் ஒரு வெள்ளை லாரி நின்றது. அதன் ரேடியேட்டர் கொதித்துவிடாமல் பார்த்துக்கொண்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைப் பெட்டியின் புகழ் சுற்றுவட்டாரத்தில் பரவியது. பக்கத்து முகாமில் வேறு நாட்டுப் பெண் போலீஸ்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்திருந்தது நாலு குச்சியும் ஒரு தார்ப்பாயும். சோப்பும் துண்டுமாக, ஜீப் ஏறிக் குளிக்க வந்துவிடுவார்கள். மொழி புரியாத ஆறேழு பெண்கள் வரிசையில் நின்று, சைகையிலேயே அரட்டை அடித்து, ஒருத்தி தலைமுடியை இன்னொருத்தி பின்னிவிட்டுக்கொண்டிருப்பார்கள். படைப்பிரிவோடு வந்திருந்த எங்கள் மேஜர்கூட ஒருமுறை அந்தப் பக்கம் வந்து, வரிசையைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிப் போனார்.

அப்படி ஒரு விடுமுறைக் காலையில் வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. மாமியார்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன் அத்தை. குளிக்க நிக்கிறேன்."

"நிக்கிறியா? நீ கட்டினதுதானே?"

"நான் கட்டினதுதான். எனக்கு முன்னால அஞ்சு பேர்."

"அதெப்படி? முன்னால போய் நில்லு. ராத்திரியெல்லாம் வெல்டிங் பண்ணினது நீயா அவங்களா? நான் வேணா அவங்க கிட்ட பேசறேன், ஃபோனக் குடு."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது அத்தை."

"திட்டுறது தெரியாமலா போயிடும்?"

ஜாக்கி அக்கா சிரித்த சிரிப்பில் முன்னால் நின்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "வேணாம் அத்தை. அவங்க முதல்ல வந்தாங்க" என்றாள். துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, நிழல் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.